கீழ் வீட்டில் எவரும் உறங்குவதில்லை

டுலூத்,
27 பிப்ரவரி 1995

அன்புள்ள அக்கா பெர்னடினுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் நலம், ஏரி இன்னும் உறைந்து கிடக்கிறது. நீயும் அப்பாவும் நலமென்று நம்புகிறேன். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு, தொலைபேசியை எடுத்தால் மூன்றாம் நிமிடத்தில் நமக்குள் சண்டை மூண்டுவிடுகிறது. ஆகவே முக்கியமானவற்றை எழுத்திலேயே வைத்துக்கொள்வோம் என்று நாம் செய்த ஏற்பாட்டின்படி இதை எழுதுகிறேன்.

மருத்துவரின் கடிதம் எனக்கும் வந்தது. அப்பாவின் இதயம் இன்னொரு கடுங்கோடையைத் தாங்காது. ஜூலைக்குள் அவர் அறையில் குளிர்சாதனம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதியோர் மருத்துவ இல்லத்துக்கு மாற்ற வேண்டும் என்று அவர் தெளிவாக எழுதியிருக்கிறார். இல்லத்துக்குப் போவதை அப்பா ஏற்க மாட்டார் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். ஆகவே குளிர்சாதனம்.

பழைய வீட்டில் இது கடைக்குப் போய் ஒரு பெட்டியை வாங்கி வரும் காரியமன்று. நம் வீடு 1898இல் கட்டியது. வெந்நீர் ஓடும் ரேடியேட்டர்கள்தாம் உண்டு; காற்றுக் குழாய்கள் இல்லை. ஆகவே வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம் என்ற பேச்சை விட்டுவிடுவோம். அதற்குப் பதினாலாயிரம் டாலராவது ஆகும். அப்பாவின் அறைக்கு மட்டும் சன்னலில் பொருத்துவது போதும். அறையின் நீளம், அகலம், சன்னலின் உள்ளளவு, ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எழுதியுள்ள எண் ஆகியவற்றை எழுதி அனுப்பு. அளவுகளை இரண்டு முறை எடு.

இறைவன் உங்கள் இருவரையும் காப்பாராக.

தம்பி,
லெனார்டு


மில்வாக்கி,
12 மார்ச் 1995

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவுக்குப் புகழ். நாங்கள் சுகம். தவக்காலம் என்று அப்பா பீரை விட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவக்காலக் கணக்கில் வராது என்று அன்று மட்டும் இரண்டு குடிக்கிறார்.

அறை பதினொன்றுக்குப் பதின்மூன்று அடி. சன்னல் இருபத்தெட்டு அங்குலம். ஃபியூஸ் பெட்டியில் அறுபது ஆம்பியர் என்று இருக்கிறது. இரண்டு முறை அளந்தேன். அப்பா கட்டிலிலிருந்தே மேற்பார்வை பார்த்தார். "நாடாவை இழுத்துப் பிடிடி. அவன் டுலூத்ல நகர அலுவலகத்துல உக்காந்து ஊருக்கே வீட்டு வரைபடம் பாக்கறவன். அரை அங்குலம் தப்புன்னா திருப்பி அனுப்பிடுவான்." உன்னைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. தோல் பதனிடும் ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்த மனிதர், மகன் கையெழுத்தில்லாமல் ஓர் ஊரில் ஒரு சுவர்கூட எழும்பாது என்று தேவாலயத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

பக்கத்து வீட்டு ஜீனிடம் கேட்டேன். வந்து பார்த்தான். "இதுக்குப் போய் டுலூத்துக்குக் கடுதாசியா? பெட்டியிலேருந்து தனியா ஒரு கம்பி இழுத்துட்டாப் போச்சு. சனிக்கிழமை மத்தியானம் முடிச்சுடுவேன். நூறு டாலர், ஒரு பெட்டி பீர்" என்றான். ஏ.சி. நானூற்றெண்பதுக்குக் கிடைக்கிறது. சரி என்று சொல்லட்டுமா?

கீழ் வீட்டுத் திருமதி டூடெக் உன்னை விசாரித்தார். பத்தொன்பது வருஷமாகக் கீழே குடியிருக்கிறார், அதற்கு முன்பும் இதே தெருதான். நீ எப்போது வருவாய் என்று இன்னும் என்னைத்தான் கேட்கிறார்.

அக்கா,
பெர்னடின்


டுலூத்,
20 மார்ச் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். உன் கடிதமும் அளவுகளும் வந்தன, நன்றி.

ஜீனைத் தொடவிடாதே. அவன் நல்லவன். ஆனால் நம் சுவர்களுக்குள் ஓடுவது பீங்கான் குமிழ்களில் கட்டிய, துணி சுற்றிய பழைய கம்பி. அந்தத் துணி இப்போது தொட்டால் உதிரும். அறுபது ஆம்பியர் பெட்டியில் இந்த இயந்திரத்தையும் சேர்த்தால், ஆகஸ்டு மாதத்து ஓர் இரவில் சுவருக்குள்ளே நெருப்புப் பிடிக்கும். உள்ளே உறங்குபவரால் எழுந்து ஓட முடியாது. இத்தகைய இரண்டு வீடுகளை எரிந்தபின் நான் பார்வையிட்டிருக்கிறேன்.

முறைப்படி அனுமதி பெற்று, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்வோம். வீட்டுப் பத்திரத்தில் அப்பாவின் பெயரோடு என் பெயரும் இருப்பதால், உங்கள் நகரக் கட்டட ஆய்வு அலுவலகத்துக்கு நானே விண்ணப்பித்துவிட்டேன். படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, எந்த விவரமும் விடுபடாமல் அனுப்பியிருக்கிறேன். முழுமையான விண்ணப்பம் விரைவில் முடியும் என்பது என் அனுபவம்.

அப்பாவுக்கு என் வணக்கம். திருமதி டூடெக்கிற்கும்.

லெனார்டு


மில்வாக்கி,
23 ஏப்ரல் 1995

தம்பிக்கு,

இயேசுவுக்குப் புகழ். ஈஸ்டர் பெருநாள் கழிந்தது. அப்பா சுகம்.

பதில் எழுத ஒரு மாதமானது ஏன் என்று கேட்பாய். பெருநாளுக்கு முந்தின வாரம் ஆய்வாளர் வந்தார். மரியாதையான மனிதர், மிதியடியில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். ஃபியூஸ் பெட்டியைப் பார்த்தார். பிறகு, "கீழ குடியிருக்கறவங்களைப் பாக்கலாமா?" என்றார். உன் விண்ணப்பத்தில், மொத்தக் குடியிருப்புகள் எத்தனை என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கட்டத்தை நிரப்புவது கட்டாயமில்லையாம், அவரே சொன்னார். நகரப் பதிவேட்டில் நம் வீடு ஒரே குடியிருப்புதான்.

1931இல் தாத்தாவும் அப்பாவும் சித்தப்பாக்களும் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஊரிலிருந்து வந்திறங்கும் சொந்தக்காரருக்காகக் கீழே அரைத்தளம் கட்டினார்களே, அப்போது யாரும் யாரிடமும் கேட்கவில்லை. இந்தத் தெருவில் முக்கால்வாசி வீடு அப்படித்தான் நிற்கிறது. ஆய்வாளர் கீழே போய் நாடாவை நீட்டினார். தரையிலிருந்து கூரை ஆறடி ஐந்து அங்குலம். ஏழடி வேண்டுமாம். மனிதர் உறங்கத் தகாத இடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஜூன் ஒன்றுக்குள் திருமதி டூடெக் போக வேண்டும். மேலும், பழைய கம்பி முழுவதையும் மாற்றாமல் புது இணைப்பு எதுவும் தரக்கூடாது.

நான் கீழே போய்ச் சொன்னேன். அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. "லெனார்டா எழுதினான்? சின்ன வயசுலயே அப்படித்தான். யாரும் கேக்காத கேள்விக்கும் பதில் சொல்லுவான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்பாவிடம், நகரம் புது விதி கொண்டுவந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

பெர்னடின்


டுலூத்,
30 ஏப்ரல் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

நான் எழுதியது உண்மை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாலும் அது பொய்யாகியிருக்காது என்பதும் உண்மை.

செலவு விவரம்: புதிய மின் இணைப்பும் பெட்டியும் 1,900. வீடு முழுவதும் கம்பி மாற்ற 5,800. அதற்காக உடைக்கும் சுண்ணாம்புச் சுவர்களைப் பூச 1,350. இயந்திரம் 520. ஆக 9,570 டாலர். நானூற்றெண்பதில் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது. முழுவதையும் நான் கொடுக்கிறேன். என் வீட்டின் பேரில் கடன் எழுதியாயிற்று. திருமதி டூடெக்கின் வாடகையில்தான் அப்பாவின் மருந்து வாங்கி வந்தாய் என்பது எனக்குத் தெரியும். மாதம் இருநூற்றுப் பத்து டாலரையும் இனி நான் அனுப்புவேன். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

மின்பணியாளர் ராட்கே என்பவருக்கு எழுதியிருக்கிறேன். அவர் நாள் குறித்ததும் தெரிவி.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

லெனார்டு


மில்வாக்கி,
11 ஜூன் 1995

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவுக்குப் புகழ். சுகம். நீ சுகமா?

திருமதி டூடெக் மே முப்பதாம் தேதி போனார். மருமகள் வீட்டில் மூன்றாவது மாடி. எழுபத்து நான்கு வயது. சன்னல் திரைகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அப்பா மேலே தாழ்வாரத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். கார் போனபின், "இந்த விதியை எவன்டி போட்டான்?" என்று கேட்டார். "நகரத்துல போட்டாங்கப்பா." "லெனார்டுகிட்டக் கேட்டியா? அவன் ஒரு கடுதாசி எழுதினா எடுத்துடுவாங்க." நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ராட்கே வந்து வேலையைத் தொடங்கினார். சாப்பாட்டு அறைச் சுவரில் நான்கு இடத்தில் ஓட்டை, உள்ளே மரச்சட்டம் தெரிகிறது. வீடெல்லாம் சுண்ணாம்புத் தூசி. அப்பா இருமுகிறார். ஆனால் ராட்கேயிடம் ஆள் பற்றாக்குறை. இந்த வருஷம் எல்லாப் பழைய வீட்டுக்காரரும் ஏ.சி. கேட்கிறார்களாம். ஜூலை கடைசி என்றார். பிறகு ஆகஸ்டு நடு என்றார். பெட்டியை மாற்றுவதற்கு முன் மெஷினை வைக்க முடியாது, நீ சம்மதிக்க மாட்டாய் என்று நானே அவரிடம் சொல்லிவிட்டேன்.

பெர்னடின்


டுலூத்,
15 ஜூலை 1995

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். மூன்று நாளாக வானொலியில் உங்கள் ஊர்ச் செய்தியைக் கேட்கிறேன். வெயில் நூறைத் தாண்டியதாகவும், தனியாக வாழ்ந்த முதியவர்களை அவரவர் அறைகளிலிருந்தே எடுத்துச் செல்வதாகவும் சொல்கிறார்கள். தொலைபேசியில் அழைத்தேன். "அப்பா தூங்கறார்" என்று வைத்துவிட்டாய். நேற்றும் அப்படியே.

அவர் அறையில் எத்தனை டிகிரி? மின்விசிறி எந்தப் பக்கம் வைத்திருக்கிறாய்? மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் தயங்காதே. ராட்கேவுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். உடனே பதில் எழுது.

லெனார்டு


மில்வாக்கி,
19 ஜூலை 1995

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவுக்குப் புகழ். கவலைப்படாதே. அப்பா நன்றாக இருக்கிறார். உடம்பு குளிர்ந்திருக்கிறது, கால் வீக்கம்கூடக் குறைந்திருக்கிறது. இரவில் போர்வை கேட்டார்.

இந்தத் தெருவில் மட்டும் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஜீனுடைய அத்தையும் ஒருவர். சன்னலை ஆணி அடித்து மூடி வைத்திருந்தாராம், திருடனுக்குப் பயந்து.

அப்பாவுக்கு இப்போது ஒரே பொழுதுபோக்கு தபால்காரர். "புது பூட்ஸ் வாங்கிட்டான்டி. இடது கால் தேய்ஞ்சு நடக்கறான்" என்கிறார். போகிற வருகிற கால்களை வைத்தே யார் என்று சொல்லிவிடுகிறார். பாதிரியார் குட்டைக் காலுறை போடுகிறார் என்பது தெருவுக்கே இப்போதுதான் தெரிந்தது.

சாப்பாடு குறைவில்லை. நீ நலமா?

பெர்னடின்


டுலூத்,
27 ஜூலை 1995

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். உன் கடிதத்தில் டிகிரி இல்லை, மின்விசிறி இல்லை. தபால்காரரின் பூட்ஸ் இருந்தது. மேல் அறைச் சன்னலிலிருந்து பார்த்தால் தபால்காரரின் தொப்பிதான் தெரியும். நான் பதினெட்டு ஆண்டுகள் அந்த அறையில் இருந்தவன்.

அப்பா எங்கே படுத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுத வேண்டாம்.

நகர அலுவலகத்திலிருந்து உறுதிமொழிப் படிவம் வந்திருக்கிறது. கீழ்த்தளத்தில் எவரேனும் உறங்குகின்றனரா என்று ஒரே ஒரு கேள்வி. அது முடியாமல் புதிய பெட்டிக்கு மின் இணைப்புத் தர மாட்டார்கள். வீட்டுக்காரர் இருவரும் கையெழுத்திட வேண்டும். "இல்லை" என்று எழுதி, இன்றைய தேதியிட்டு, நான் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் அதைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. இடத்தை மட்டும் காட்டு. பிறகு அஞ்சலில் சேர்த்துவிடு.

இருபத்தாறு ஆண்டுகளாக இத்தகைய படிவங்களைப் பிறரிடமிருந்து வாங்கி வருகிறேன். இதைப்பற்றி நாம் பேச வேண்டாம்.

அப்பாவுக்கு என் அன்பு.

லெனார்டு


மில்வாக்கி,
24 ஆகஸ்டு 1995

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவுக்குப் புகழ். அடக்கத்துக்கு வந்து நீ இருந்த மூன்று நாளும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. நாம் ஏற்பாடு செய்துகொண்டபடி எழுதிவிடுகிறேன்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி, அப்பாவின் அறையில் தொண்ணூற்றெட்டு டிகிரி. ஜீனும் அவன் மைத்துனனும் அவரை நாற்காலியோடு தூக்கி வெளிப்படியில் இறக்கிக் கீழ் வீட்டில் கொண்டு வைத்தார்கள். அப்பா வழியெல்லாம் வம்பு பேசிக்கொண்டே வந்தார். "சவப்பெட்டியில வச்சு இறக்கறதுக்கு முன்னாடி ஒத்திகை பாக்கறீங்களாடா?" கீழே எழுபத்து நான்கு. தரைக்குள் பாதி இறங்கிய அறையல்லவா. அந்த வாரம் அவரைக் காப்பாற்றியது அந்த ஆறடி ஐந்து அங்குலம்தான்.

உன் படிவம் ஆகஸ்டு மூன்றாம் தேதி கையில் கிடைத்தது. நீ சொன்னபடி இடத்தை மட்டும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கேட்டார்.

"படிக்க வேண்டாம்ப்பா. சும்மா நகரத்துக் காகிதம்."

"படிக்காம கையெழுத்துப் போடாதேன்னு எனக்குச் சொன்னதே உன் தம்பிதான்."

படித்தார். மறுபடி படித்தார். விரலை உன் கையெழுத்தின் மேல் வைத்தார்.

"இது அவன் போட்டதுதானா?"

"ஆமாம்ப்பா."

"நான் இங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரியுமா?"

நான் பேனாவின் மூடியைத் திறந்தேன்.

"எட்டு வயசுல அவன் பாதிரியார்கிட்ட முதல் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போய் முக்கால் மணி நேரம் வெளிய வரல. பின்னால நின்னவங்க எல்லாம் என்னைத் திட்டினாங்க. என்னடா பண்ணினேன்னு கேட்டேன். எந்தப் பாவம் எத்தனை தடவைன்னு சரியா எண்ணிச் சொன்னேம்ப்பா, இல்லேன்னா பொய்யாயிடும்ன்னான்." கொஞ்சம் சிரித்தார். பிறகு, "தபால் எத்தனை மணிக்கு எடுப்பான்?" என்றார்.

"மூணு மணிக்கு."

"அதுக்குள்ள என்னை மேல கொண்டு போ."

"மேல தொண்ணூத்தி நாலுப்பா. ராட்கே வர இன்னும் ரெண்டு வாரம் ஆகும்."

"என் பையன் பேர்ல பொய் இருக்கக் கூடாதுடி. நான் மேல போய்ட்டா அது பொய் இல்ல. அவ்வளவுதானே?"

ஜீன் வேலைக்குப் போயிருந்தான். ஆறு மணிக்கு வருவான், அதுவரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. நான் தடுத்திருக்கலாம். படிவத்தைக் கிழித்திருக்கலாம். கிழித்தால் மின் இணைப்பு வராது. மறைத்து வைத்தால் தேடுவார். பதினோரு படி. ஆறாவதில் உட்கார்ந்தார். அங்கே நல்ல வெயில். நான் என் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன். இரண்டே முக்காலுக்குத் தன் கட்டிலில் உட்கார்ந்து, தேதியைக் கேட்டு எழுதி, கையெழுத்துப் போட்டார். "இப்பப் போய்ப் போடு" என்றார். போட்டேன்.

ஆறாம் தேதி போனார். நீ அன்றுதான் வண்டி ஏறினாய்.

பதினாறாம் தேதி புதுப் பெட்டிக்கு இணைப்பு வந்தது. மெஷின் அட்டைப் பெட்டியிலேயே கூடத்தில் இருக்கிறது. வைக்கச் சொல்லட்டுமா, வேண்டாமா என்று ராட்கே கேட்கிறார். பணம் உன்னுடையது, நீ சொல்.

இன்னொன்று. உன்னை எனக்குத் தெரியும். அலுவலகத்துக்குத் திருத்தம் என்று ஒன்று எழுத நினைப்பாய். எழுதாதே, லெனார்டு. எழுதினால் அவர் ஏறினது வீணாகிவிடும்.

அக்கா,
பெர்னடின்


டுலூத்,
3 செப்டம்பர் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் நலம் என்று எழுதும் வழக்கத்தை இம்முறை விட்டுவிடுகிறேன்.

மெஷினை வைக்கச் சொல். அந்த அறையில் நீ படுத்துக்கொள். திருமதி டூடெக்கிற்கு நேற்று எழுதினேன். என்ன எழுதினேன் என்பது எங்களுக்குள் இருக்கட்டும்.

நீ நினைத்தது சரி. உன் கடிதம் வருவதற்கு முன்பே திருத்தத்தை எழுதி உறையில் இட்டிருந்தேன். ஜூலை 27 அன்று நான் அளித்த பதில் தவறானது என்றும், தண்டம் எதுவாயினும் என்னைச் சேரும் என்றும் எழுதியிருந்தேன். அது மேசையில் இருக்கிறது. அனுப்ப மாட்டேன்.

ஆனால் ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டும். ஓர் உறுதிமொழி, கையெழுத்திட்ட நாளில் உண்மையாக இருக்க வேண்டும். அஞ்சலில் சேர்த்த நாளில் உண்மையாயிருந்தால் போதாது. இதை எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன். அந்தத் தாளில் இரண்டு கையெழுத்துகள் உள்ளன. அப்பாவுடையது ஆகஸ்டு மூன்றாம் தேதியிட்டது, அது உண்மை. என்னுடையது ஜூலை இருபத்தேழு. அவர் எத்தனை படி ஏறியிருந்தாலும் அது மாறியிராது.

இந்த விதி அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இறைவன் உன்னைக் காப்பாராக.

தம்பி,
லெனார்டு